அடிமட்டத்தைப் பிடிப்பது தெறிவினையா? நரம்புத்தொகுதிப் பாடம்: கேள்வி-பதில்

கேள்வி: அடிமட்டத்தை விழவிட்டுப் பிடிக்கும் செயற்பாட்டைத் தெறிவினைக்கு உதாரணமாகச் செய்விக்கலாமா? ஒரே பிள்ளைக்கே ஒவ்வொரு தடவையும் வேறு அளவு வருகிறது. (தரம் 11 ஆசிரியை, வெள்ளவத்தை)

பதில்: செய்வியுங்கள், ஆனால் தெறிவினை (நாம் நினைக்காமலே தானாக நடக்கும் செயல்) என்ற தலைப்பில் வேண்டாம். அடிமட்டம் நழுவுவதைக் கண் காண்கிறது, மூளையம் (பெருமூளை) 'பிடி' என்று தீர்மானிக்கிறது, பிறகுதான் விரல் மூடுகிறது. இது இச்சைவழிச் செயல். வேகமாக நடப்பதெல்லாம் தெறிவினை என்று பிள்ளைகள் பரீட்சையில் எழுதுவதற்கு இந்தச் செயற்பாடும் ஒரு காரணம். தெறிவினையா இல்லையா என்பதை வேகத்தை வைத்துச் சொல்ல முடியாது; கணத்தாக்கம் (நரம்புவழிச் செய்தி) போகும் பாதையைப் பார்க்க வேண்டும்.

அளவு மாறுவதற்குப் பெரும்பாலும் கையே காரணம். முன்கை மேசையில் படிந்து, மணிக்கட்டுக்கு அப்பால் மட்டும் விளிம்புக்கு வெளியே நிற்கட்டும். கை அந்தரத்தில் இருந்தால் அடிமட்டத்தோடு சேர்ந்து கீழே போகும், வாசிப்பு குறைந்துவிடும். பூச்சியக் குறி பெருவிரலின் மேல் விளிம்புக்கு நேரே இருக்க வேண்டும். விரல் இடைவெளி எல்லோருக்கும் 2 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுபவர் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணினால் பரிசோதனை கெட்டது: பிடிப்பவர் தாளத்துக்குப் பிடிப்பார். 5 சென்ரிமீற்றருக்குள் பிடிபட்டால் அது ஊகம், விட்டுவிடுங்கள். முதல் இரண்டு தடவை பழக்கத்துக்கு, அடுத்த ஐந்தின் சராசரி கணக்குக்கு.

நேரம் = √(2 × தூரம் ÷ 9.8). தூரம் மீற்றரில்; 9.8 என்பது புவியீர்ப்பு ஆர்முடுகல். 10 சென்ரிமீற்றருக்கு 0.14 செக்கன், 20க்கு 0.20, 25க்கு 0.23. யாராவது "2 செக்கன்" என்று கொண்டுவந்தால் தூரத்தை மீற்றருக்கு மாற்றவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: முழங்காலில் தட்டினால் சிலருக்குக் கால் அசைவதே இல்லை. பிள்ளை பயப்படுகிறாள். (தனியார் வகுப்பு ஆசிரியர், கொட்டாஞ்சேனை)

பதில்: ஆரோக்கியமானவர்களிலும் சிலருக்கு இது மெதுவாகவே வரும். வகுப்பறையில் நோய் கண்டுபிடிக்கப் போக வேண்டாம். கால் தரையில் முட்டாதபடி உயரமான மேசையில் இருத்துங்கள். தட்ட வேண்டிய இடம் முழங்காற்சில்லு அல்ல. அதற்குச் சற்றுக் கீழே அமுக்கினால் நெகிழும் தசைநாண். அப்படியும் வராவிட்டால், இரு கை விரல்களையும் கொக்கிபோலக் கோத்து எதிரெதிராக இழுக்கச் சொல்லி, இழுக்கும்போதே தட்டுங்கள். ஹங்கேரிய மருத்துவர் யென்ட்ராசிக்கின் பெயரால் வழங்கும் முறை இது. பெரும்பாலும் கால் எழும்பும்.

ஒரு எச்சரிக்கை. முழங்கால் உதைப்பில் புலன் நரம்புக்கலம் முண்ணாணில் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டில்) நேரடியாக இயக்க நரம்புக்கலத்தோடு இணைகிறது. உதைக்கும் தசைக்குப் போகும் பாதையில் இடைத்தூது நரம்புக்கலம் (இவ்விரண்டையும் நடுவில் இணைக்கும் கலம்) இல்லை. மூன்று நரம்புக்கலங்கள் கொண்ட தெறிவில்லை (தெறிவினைக்கான நரம்புப் பாதையை) விளக்க, சூடான பாத்திரத்திலிருந்து கையை இழுப்பதையே எடுங்கள்.

கேள்வி: ஆட்டு மூளை வெட்டிக் காட்ட விரும்புகிறேன். போனமுறை கத்தி வைத்ததும் கூழாகிவிட்டது. (உயர்தர உயிரியல் ஆசிரியர், தெமட்டகொடை)

பதில்: புது மூளை மிக மென்மையானது, கொழும்பு வெக்கையில் மேசையில் வைத்தால் இன்னும் மோசம். காலையில் வாங்கி, பொலித்தீனில் சுற்றி, ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள். வெட்டுமுன் உறைகூட்டில் (பிரீசரில்) வையுங்கள்: மேற்பகுதி இறுகி, உள்ளே இன்னும் சற்று நெகிழும்போது எடுத்துவிட வேண்டும். முழுதாக உறையவைத்து இளக்கினால் பனிப்பளிங்குகள் கலங்களைக் கிழித்துவிடும். உங்களுக்கு நடந்தது அதுவாகவும் இருக்கலாம். நாட்கணக்கில் வைத்திருப்பதானால் 70 சதவீத எதனோல் போதும். காற்றோட்டமில்லாத வகுப்பறைக்குள் போமலினைக் கொண்டுவராதீர்கள்.

இறைச்சிக்கடையில் முதல்நாளே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் தலையை நடுவால் கொத்திப் பிளந்து, மூளையை இரண்டாக்கித் தருவார்கள். போயாவன்று (பௌர்ணமி விடுமுறையன்று) கடை பூட்டு என்பதையும் நாட்காட்டியில் பாருங்கள். மாட்டு மூளை பெரிது, பார்க்க வசதி. ஆனாலும் இந்து, முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் வகுப்பில் ஆடுதான் சிக்கலில்லாதது. தொட விரும்பாத பிள்ளையை வற்புறுத்தாமல், படத்தில் பெயர் குறிக்கும் வேலையைக் கொடுங்கள். தொடுபவர்களுக்குக் கையுறை கட்டாயம்.

நீளமான மெல்லிய கத்தியை நனைத்து, இரு அரைக்கோளங்களுக்கும் நடுவால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். முன்னும் பின்னும் அறுத்தால் விளிம்பு சிதையும். வெட்டுமுகத்தில் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் வெள்ளைப் பட்டை தெரியும். மூளிக்குள் (சிறுமூளைக்குள்) வெண்சடப்பொருள் மரக்கிளைபோல் பிரிந்திருக்கும். ஒரு பாதியைக் குறுக்கே வெட்டினால் வெளியே நரைநிறச் சடப்பொருள், உள்ளே வெண்சடப்பொருள். பிள்ளைகள் குழம்பும் இடம் இதுதான்: நாலுகால் பிராணிக்கு மூளி மூளையத்தின் பின்னால் இருக்கும், முண்ணாணும் பின்னோக்கிப் போகும். புத்தகத்திலுள்ள மனித மூளைப் படத்தோடு ஒப்பிடுமுன் இதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மூளையில் 10 சதவீதத்தைத்தான் பாவிக்கிறோமாமே? (பெற்றோர், பம்பலப்பிட்டி)

பதில்: பொய். உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு அவ்வளவு தீனி தேவையில்லை.

கேள்வி: கண்மணி சுருங்குவதைக் காட்ட டோர்ச் அடித்தேன், பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. (ஆசிரியை, மட்டக்குளி)

பதில்: நம் பிள்ளைகளின் கதிராளி (கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையம்) கரும்பழுப்பு, கறுப்புக் கண்மணியின் ஓரம் அதில் கரைந்துவிடும். டோர்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள். அல்லது டோர்ச்சே வேண்டாம்: பிள்ளை ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, இரு கண்களையும் உள்ளங்கையால் அரை நிமிடம் மூடித் திறக்கட்டும். சோடிப் பிள்ளை அதைத் தொலைபேசியில் கிட்டவாக வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். அடுத்த தடவை ஒரு கண்ணை மட்டும் திறக்கச் சொல்லி, மற்ற உள்ளங்கையைச் சற்றே விலக்கி நிழலுக்குள் பாருங்கள். அந்தக் கண்மணியும் சுருங்கியிருக்கும். லேசர் விளக்கு மட்டும் வகுப்புக்குள் வரவே கூடாது.