ரப்பர் புழுவில் முள்ளை எங்கே குத்துவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மீன்பிடிக்கும் ரப்பர் புழுவின் நடுவில் தூண்டில் முள்ளைக் குத்தும் ‘வாக்கி’ முறையில் மீன் நன்றாகக் கொத்துகிறது, ஆனால் மீனுக்கு ஒரு புழு கிழிந்துபோகிறது. என்ன செய்யலாம்?

பதில்: நடுவில் முள் இருக்கும்போது இரு முனைகளும் நீரின் எதிர்ப்பில் வளைந்து துடிக்க, புழு படுத்தவாக்கில் மெல்ல இறங்குகிறது; மீன் மயங்குவது அந்தத் துடிப்பில்தான். ‘சென்கோ’ என்னும் குச்சிபோன்ற வகைப் புழுக்கள் ஈயமில்லாமலே மூழ்குவதற்காக அவற்றில் நிறைய உப்பைக் கலக்கிறார்கள். அந்த உப்பே பிளாஸ்டிக்கின் உறுதியையும் குறைக்கிறது. ஆகவே புழுவின் நடுவில் ஓர் ‘ஓ ரிங்’ ரப்பர் வளையத்தை மாட்டி, முள்ளை வளையத்துக்கு அடியில் கோத்துவிடுங்கள். இரண்டு வளையங்களைக் குறுக்காக மாட்டினால் முள் புழுவின் நீளவாக்கில் அமையும். கிழிந்த துண்டுகளைத் தண்ணீரில் எறியாதீர்கள். விழுங்கும் மீனுக்கு அவை செரிப்பதில்லை.

கேள்வி: ‘நெக்கோ’ முறையில் ஆணி வடிவ ஈய எடையைப் புழுவின் தலையில் செருகுகிறார்கள். வாலில் செருகினால்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. தலையில் எடையும் நடுவில் முள்ளும் இருந்தால், புழு தலைகுத்தி நின்று தரையைக் கொத்துவதுபோல் ஆடும். எடையை வாலுக்கு மாற்றி, கண்ணருகே தண்டு வளைந்த ஆஃப்செட் முள்ளைத் தலைப்பக்கம் பாசியில் சிக்காதபடி கோத்தால், புழு பின்னோக்கிச் சறுக்கி உங்களை விட்டு விலகிக்கொண்டே இறங்கும். ஆகாயத்தாமரையின் ஓரத்தில் விழுந்தது அதன் அடிக்குள்ளே போய்விடும். ஒன்றிரண்டு கிராம் எடை போதும். ஆனால் தூண்டில் நரம்பைத் தளர விடுவது கட்டாயம். இறுக்கிப் பிடித்தால் புழு ஊசல்போல் உங்கள் பக்கமே திரும்பிவிடும். நரம்பு தளர்ந்திருப்பதால் கொத்து கைக்குத் தெரியாது, எனவே நரம்பு நீரைத் தொடும் இடத்திலேயே கண் இருக்க வேண்டும். முதலில் தெளிந்த நீருள்ள படித்துறையில் இறக்கிப் பார்த்து, எடையை அரை அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்தினால், எந்த இடத்தில் சறுக்கல் நீள்கிறது என்பது விளங்கிவிடும்.

கேள்வி: முள்முனையைப் புழுவுக்குள் மறைக்கும் டெக்சாஸ் முறையில் விரால் கொத்துகிறது, முள் ஏறுவதில்லை.

பதில்: பெரும்பாலும் புழு தடித்தும் முள்ளின் வளைவு குறுகியும் இருப்பதே காரணம். மீன் கவ்வும்போது பிளாஸ்டிக் நசுங்கி விலக இடம் வேண்டும். ஆகவே அகன்ற வளைவுள்ள முள்ளை எடுத்து, முனையைத் தோலுக்குச் சற்று அடியில் மட்டும் மறையுங்கள். விராலின் தாடை எலும்பு கெட்டியானது. தளர்வைச் சுற்றி எடுத்துவிட்டு, பின்னல் நரம்பில் ஓங்கி வெட்டியிழுக்க வேண்டும்.

கேள்வி: ஒரே பெட்டியில் வைத்திருந்த புழுக்கள் உருகி ஒட்டிக்கொண்டன. வெயிலா?

பதில்: வெயிலைவிட, இனக்கலப்பே காரணமாக இருக்கலாம். சாதாரணப் புழுக்கள் பி.வி.சி.யில் மென்மையூட்டும் எண்ணெய் சேர்த்து வார்க்கப்படுபவை. நன்றாக இழுபடும் ‘எலாஸ்டெக்’ புழுக்களின் பொருள் முற்றிலும் வேறு. இரண்டும் தொட்டுக்கொண்டால் உருகிப் பிசுபிசுக்கும் என்பதால், எலாஸ்டெக்கை அது வந்த உறையிலேயே வையுங்கள். தூக்கி எறிந்துவிடாதீர்கள், அது மிதக்கும் தன்மையுள்ளது. இரண்டரை அங்குலத் துண்டைக் காளான் வடிவ ஈயத்தலை முள்ளில் கோத்தால், அடித்தரையில் வாலைத் தூக்கி நிற்கும். அமெரிக்காவின் கான்சாஸைச் சேர்ந்த மீன்பிடிப்பாளர் நெட் கேடியின் பெயரால் ‘நெட் ரிக்’ என்று வழங்குவது இதுதான்.