நீண்ட குளிர்காலத்தில் வீட்டுச் சுவர்களில் பூஞ்சை படியாமல் தடுப்பது எப்படி?

மாதக்கணக்கில் சன்னல்களைச் சாத்தியே வைத்திருக்கும் வீட்டில் கண்ணாடி வியர்ப்பதும் சுவர் மூலைகள் கறுப்பதும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சமையல், குளியல், ஏன், நாம் விடும் மூச்சுகூட அறைக்காற்றில் நீராவியைச் சேர்க்கிறது. வெதுவெதுப்பான அந்தக் காற்று குளிர்ந்த கண்ணாடியிலோ வெளிச்சுவரிலோ படும்போது, தன்னால் தாங்க முடியாத ஈரத்தை அங்கேயே நீர்த்துளிகளாக விட்டுவிடுகிறது.

முதலில் கவனிக்க வேண்டியது துணி உலர்த்துவதைத்தான் என்பேன். ஒரு முறை துவைத்த துணிகளிலிருந்தே சுமார் 2 லிட்டர் நீர் காற்றில் கலக்கக்கூடும் என்பதால், கொடியைப் படுக்கையறையில் கட்டாமல், கதவைச் சாத்திவிட்டுச் சன்னலைச் சற்றே திறந்து வைக்கக்கூடிய அறையில் கட்டுங்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் சன்னலைத் திறக்கத் தயங்குவது இயல்பே. ஆனாலும், குழந்தையை வேறு அறையில் வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் எதிரெதிர்ச் சன்னல்களை 5 முதல் 10 நிமிடம் அகலத் திறந்தால், ஈரக்காற்று வெளியேறிவிடும். சுவரும் தரையும் தேக்கி வைத்த வெப்பம் அதற்குள் பெரிதாகக் குறைந்துவிடாது. வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியைச் சில அங்குலம் முன்னே நகர்த்துங்கள், ஏனெனில் காற்றோட்டமே இல்லாத அதன் முதுகுப்புறத்தில்தான் பூஞ்சை யார் கண்ணிலும் படாமல் பரவுகிறது.