நர்சிங் நுழைவுத் தேர்வுக்கு உடற்கூறியலும் உடலியங்கியலும் படிக்கிறேன், எதுவும் மனதில் நிற்கவில்லை. எப்படிப் படிப்பது?

இரண்டையும் தனித்தனியாகப் படிப்பதால்தான் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வருகிறது. உறுப்பின் அமைப்பைப் படிக்கும்போதே அதன் வேலையையும் சேர்த்துப் படியுங்கள்.

இதயத்திலிருந்து தொடங்கலாம். ஒரு துளி ரத்தத்தைப் பின்தொடருங்கள்: வலது ஏட்ரியம் (மேலறை), மூவிதழ் வால்வு, வலது வென்ட்ரிக்கிள் (கீழறை), நுரையீரல் தமனி, நுரையீரல், அப்புறம் நுரையீரல் சிரை, இடது ஏட்ரியம், ஈரிதழ் வால்வு, இடது வென்ட்ரிக்கிள், பெருந்தமனி. புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் வரைந்து பாருங்கள். இடது வென்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடிமன்? உடல் முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுவது அதுதான். வலதுபக்கத்துக்கு நுரையீரல் வரை அனுப்பினால் போதும். இப்படிக் காரணம் தெரிந்துவிட்டால் மனப்பாடம் தேவைப்படாது. ஒன்றில் மட்டும் கவனம்: தமனி என்றாலே ஆக்சிஜன் மிகுந்த ரத்தம் என்று எழுதிவிடாதீர்கள். நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். கேள்வி கேட்க வசதியான இடம் இது.

சிறுநீரகமும் அப்படித்தான். ஒரு நாளில் ரத்தத்திலிருந்து சுமார் 180 லிட்டர் திரவம் வடிகட்டப்படுகிறது, சிறுநீராக வெளியேறுவதோ ஏறக்குறைய 1.5 லிட்டர்தான். மீதி எங்கே போனது என்று கேட்டுக்கொண்டே சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகான நெஃப்ரானைப் படித்தால், மீள உறிஞ்சுதல், அதாவது வடிகட்டியதில் பெரும்பகுதி ரத்தத்துக்கே திரும்புவது, தானாகப் புரியும்.

206 எலும்புகளின் பெயர்களோடு தொடங்க வேண்டாம், சலிப்புதான் மிஞ்சும். அவற்றைத் தினமும் கொஞ்சமாக, உங்கள் உடலிலேயே தொட்டுப் பார்த்துப் படியுங்கள். ஹார்மோன்களுக்கு, ஒவ்வொன்றையும் சுரக்கும் சுரப்பி, அதன் வேலை, அது குறைந்தால் என்ன ஆகும் என்று அட்டவணை போட்டால் போதும்.