வீடு சொந்தம், நாட்கள் 90 மட்டும்: ஸ்பெயினில் விடுமுறை வீடு வைத்திருப்போருக்கு

கேள்வி: நானும் கணவரும் ஓய்வுபெற்றுவிட்டோம். இருவரும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்கள். 2019 இல் ஸ்பெயினின் அலிகாந்தே மாகாணத்தில் கடலோரமாக ஒரு சின்ன அடுக்குமாடி வீடு வாங்கினோம். வரும் குளிர்காலத்தை, 2026 அக்டோபர் 10 முதல் மார்ச் 31 வரை, அங்கேயே கழிக்க ஆசை. "சொந்த வீடு இருப்பவர்களுக்கு 90 நாள் கணக்கெல்லாம் கிடையாது" என்று தெரிந்தவர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? விமான நிலையத்தில் என்னென்ன காகிதம் கையில் இருக்க வேண்டும்? கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் மட்டும் போய்த் தங்கலாமா? (ஹாரோவிலிருந்து ஒரு வாசகி)

பதில்: உண்மை இல்லை அம்மா. இதை நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று எனக்கு ஓரளவு தெரிகிறது. பிரான்சில் வீடு வைத்திருக்கும் பிரிட்டிஷாருக்கு நீண்டகால விசா தானாகவே கிடைக்கும் என்று அந்த நாட்டின் குடியேற்றச் சட்டத்தில் 2023 இல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். 2024 ஜனவரியில் பிரான்சின் அரசியலமைப்பு மன்றம் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. ஸ்பெயினில் அந்த அளவுக்குக்கூட வரவில்லை. ஐந்து லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் கிடைத்துவந்த 'கோல்டன் விசா'வையும் 2025 ஏப்ரல் 3 அன்று மூடிவிட்டார்கள். உங்கள் எஸ்கிரித்தூரா, அதாவது வீட்டுப் பத்திரம், வீடு உங்களுடையது என்பதற்குச் சான்று. அந்த நாட்டில் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அது தீர்மானிப்பதில்லை. வீடு வாங்கும்போது எடுத்த என்.ஐ.இ. எண்ணும் அப்படித்தான். அது ஓர் அடையாள எண், வதிவிட அனுமதி அல்ல. இதில் ஏமாந்தவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர்.

இப்போது கணக்குக்கு வருவோம். எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் பகுதியில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் இணைந்திருக்கும் ஐரோப்பிய நாடுகளில், இருக்கக்கூடாது. போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் முழு நாட்களாகவே சேரும். ஸ்பெயின் மட்டுமல்ல, 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. பாரிஸில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் தங்கினால், அலிகாந்தே வீட்டுக்கான நாட்களில் மூன்று குறையும்.

நீங்கள் சொன்ன தேதிகளையே காலண்டரில் வைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் நீங்கள் ஷெங்கன் பக்கம் போகவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். அக்டோபரில் 22 நாள், நவம்பர் முடிவில் 52, டிசம்பர் முடிவில் 83. ஜனவரி 7 ஆம் தேதி 90 ஆவது நாள், அன்றைக்குள் வெளியேறியாக வேண்டும். அதன்பிறகு அக்டோபர் நாட்கள் கணக்கிலிருந்து ஒவ்வொன்றாக விழத் தொடங்குவது ஏப்ரல் 8 இல்தான். அதுவரை வீட்டுச் சாவி கையில் இருந்தும் போக முடியாது. நீங்கள் கேட்கும் காலம் மொத்தம் 173 நாள். அது 180 க்குள் அடங்கிவிடுவதால் எப்படிப் பிரித்தாலும் 90 தான்.

ஆனால் அந்த 90 ஐ உங்களுக்குத் தோதாகப் பிரிக்கலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அக்டோபர் 10 முதல் நவம்பர் 8 வரை 30 நாள், பிறகு லண்டன் குளிர் எலும்பைத் துளைக்கும் ஜனவரி 10 முதல் மார்ச் 10 வரை 60 நாள் என்று வைப்பேன். இதில் ஒரு விளைவு உண்டு. ஏப்ரல் 8 இல் மறுபடி போனால் மே 7 வரை 30 நாள்தான் இருக்கலாம். அதன்பின் ஜூலை 9 வரை கதவு சாத்தியே இருக்கும், ஏனென்றால் ஜனவரி நாட்கள் அப்போதுதான் விழத் தொடங்கும். ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கென்றே இலவசக் கணிப்பான் இருக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அதில் தேதிகளைப் போட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு நாளை மிச்சம் வைத்துத் திட்டமிடுங்கள். விமானம் ரத்தானால் அந்த இரண்டு நாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

"முத்திரை மங்கலாக இருக்கிறது, யார் எண்ணப் போகிறார்கள்" என்ற காலம் போய்விட்டது. 2025 அக்டோபர் 12 இல் தொடங்கிய இ.இ.எஸ். எனும் நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையில் முதல் நுழைவின்போது முகப்படமும் கைரேகையும் எடுத்துக்கொள்கிறார்கள். நாட்களைக் கணினியே எண்ணுகிறது. இதற்கு முன்பதிவும் கிடையாது, கட்டணமும் கிடையாது. கட்டணம் கேட்டு யாராவது மின்னஞ்சல் அனுப்பினால் அழித்துவிடுங்கள். கூடுதல் நாள் தங்கினால் ஸ்பெயின் சட்டப்படி 501 யூரோவிலிருந்து 10,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம், மறுபடி நுழையத் தடையும் வரலாம்.

ஆறு மாதம் இருந்தே ஆக வேண்டுமென்றால் வழி இரண்டு. ஒன்று, லண்டனிலுள்ள ஸ்பெயின் தூதரகத்தின் வழியாக, அங்கே வேலை செய்யாமல் தங்குவதற்கான விசா. 2025 அளவீட்டின்படி ஒருவருக்கு மாதம் 2,400 யூரோவும் துணைவருக்கு 600 யூரோவும் வருமானம் காட்ட வேண்டும். மருத்துவக் காப்பீடு, குற்றப் பதிவில்லாச் சான்றிதழ் எல்லாம் உண்டு. ஆனால் ஒரு நாட்காட்டி ஆண்டில் 183 நாளைத் தாண்டினால் ஸ்பெயின் உங்களை வரிக் குடிமக்களாக எடுத்துக்கொள்ளும். அப்போது லண்டன் வீட்டைக்கூட, மதிப்பு 50,000 யூரோவுக்கு மேல் என்றால், அங்கே அறிவிக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை விசாரிக்காமல் விசாவுக்கு விண்ணப்பிக்காதீர்கள்.

இன்னொரு வழியைக் கேட்காமல் விடமாட்டேன். உங்களில் ஒருவர் பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து வழியாக பிரிட்டன் வந்தவரா? அந்த நாட்டுக் குடியுரிமை இன்னும் இருக்கிறதா? பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். இருந்தால் அவருக்கு இந்த 90 நாள் விதியே பொருந்தாது. மூன்று மாதத்துக்கு மேல் என்றால் ஸ்பெயினில் பதிவு செய்ய வேண்டும். கணவனோ மனைவியோ குடும்ப உறுப்பினர் அட்டை பெற்று கூடவே தங்கலாம்.

விமான நிலையத்துக்கு: திரும்பும் டிக்கெட், செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று, தங்குமிடச் சான்றாகப் பத்திரத்தின் நகல் அல்லது உங்கள் பெயரில் வந்த அண்மைய மின்கட்டண ரசீது. இவற்றைக் கைப்பையில் வையுங்கள், சரக்கில் போடும் பெட்டியில் வேண்டாம். முக்கியமாக பாஸ்போர்ட் வழங்கிய தேதியைப் பாருங்கள். நுழையும் நாளில் அது பத்து வயதைத் தாண்டியிருக்கக்கூடாது, வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். 2018 க்கு முன் எடுத்த பிரிட்டிஷ் பாஸ்போர்ட் சிலவற்றில் பழைய மாதங்களைச் சேர்த்துப் பத்து வருடத்துக்கு மேல் காலாவதி தேதி போட்டிருப்பார்கள். அந்தத் தேதியை நம்பிப் போய் விமானத்தில் ஏற முடியாமல் திரும்பிய ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். குழந்தைகள் அழுதுகொண்டே வீடு வந்தார்கள்.

பிள்ளைகள் தாராளமாகப் போகலாம். அவரவருக்குத் தனித்தனி 90 நாள், உங்கள் நாட்களில் குறையாது. பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லாததால் நீங்கள் கையெழுத்திட்ட கடிதமும் பத்திர நகலும் கொடுத்தனுப்புங்கள். மருமகளோ மருமகனோ இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட் வைத்திருந்தால், பிரிட்டனில் நிரந்தர வதிவிடம் இருந்தாலும் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கிறிஸ்துமஸ் நெருங்கினால் நேரம் கிடைப்பது கடினம்.

நீங்கள் கேட்காத ஒன்று, வரி. வீட்டை வாடகைக்கு விடாவிட்டாலும், அங்கே குடியிராத உரிமையாளர் ஆண்டுதோறும் மொடேலோ 210 எனும் வரிப் படிவம் கொடுக்க வேண்டும். நகராட்சிக்குக் கட்டும் ஐ.பி.ஐ. எனும் சொத்து வரி வேறு, இது வேறு. ஐ.பி.ஐ. ரசீதில் உள்ள கதஸ்த்ரால் மதிப்பில், அதாவது அரசுப் பதிவேட்டில் வீட்டுக்குக் குறித்த மதிப்பில், 1.1 அல்லது 2 சதவீதத்தை வருமானமாகக் கொண்டு, அதில் 24 சதவீதம் வரி. மதிப்பு 60,000 யூரோ, விகிதம் 1.1 என்றால் வருடத்துக்கு 158.40 யூரோ. இருவர் பெயரில் இருப்பதால் ஆளுக்கொரு படிவம், ஆளுக்கு 79.20. 2025 ஆம் ஆண்டுக்கானதை 2026 டிசம்பர் 31 க்குள் கட்டுங்கள். முந்தைய ஆண்டுகளில் விட்டுப்போயிருந்தால் வரி அலுவலகம் நான்கு ஆண்டு பின்னோக்கிக் கேட்கலாம், அதையும் இப்போதே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.