அம்மா இராமேஸ்வரம் போகட்டும்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. மானாமதுரைப் பக்கம் உள்ள எங்கள் குலதெய்வக் கோயிலில் தங்கை மகனுக்குக் காதுகுத்து. அதற்குப் போய்விட்டு அப்படியே இராமேஸ்வரத்துக்கும் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். ‘ஓய்வெடுக்க வேண்டிய உடம்பை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவதா?’ என்று உறவினர்கள் கடிந்துகொள்கிறார்கள். அனுப்பலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செங்கல்பட்டு

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது உறவினர்கள் சொன்ன ‘ஓய்வு’. உங்கள் தாயார் நாற்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்றபோது ‘கொஞ்சம் உட்காரேன்’ என்று அவர்களில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை. அவர் தனக்காக ஒரு பயணத்தைக் கேட்ட பிறகுதான் எல்லோருக்கும் ஓய்வின் அருமை நினைவுக்கு வந்திருக்கிறது. ஆகவே இராமேஸ்வரத்துக்கு வருவதற்கு முன் இந்த ஓய்வைக் கொஞ்சம் விசாரித்துவிடலாம்.

ஓய்வு நோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையை முறையாகச் சோதித்துப் பார்த்து உலகத்துக்கு விடை சொன்ன ஊர் சென்னை. உங்கள் ஊரிலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில் தாம்பரம் சானடோரியம் என்ற நிலையத்தில் நிற்கிறதே, அந்தப் பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனை 1928இல் எழுந்தது. மருந்து இல்லாத அந்தக் காலத்தில் நல்ல காற்று, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை ஆகியவையே காசநோய்க்கு வைத்தியம். மருந்துகள் வந்த பின்னரும் படுக்கையின் மீதிருந்த நம்பிக்கை போகவில்லை. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம், நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 200 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் சேர்த்தும் மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே இருக்கவிட்டும், இரு சாராருக்கும் ஒரே மருந்துகளைக் கொடுத்து ஓராண்டு கவனித்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் நீண்ட ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களோ நெருக்கடியான குடியிருப்புகளில், போதாத சாப்பாட்டோடு, நடமாடிக்கொண்டும் முடிந்த வேலையைச் செய்துகொண்டும் இருந்தார்கள். 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளியானது. இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். வீட்டில் நோயாளியோடு வாழ்ந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. இவ்வளவு பெரிய உண்மையைக் கண்டறிந்த நகரத்தின் பள்ளிப் பாடங்களில் அது ஒரு பத்தியாகக்கூட இல்லையே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

மாரடைப்பின் கதையும் இதுவே. ஆறு வாரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று விதித்த காலத்தில், பாஸ்டன் நகர மருத்துவர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்து, அதனால் தீங்கு வரவில்லை என்ற அனுபவத்தை 1952இல் எழுதினார்கள். அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு 1955இல் மாரடைப்பு வந்தது. அவர் அடுத்த ஆண்டே தேர்தலில் நின்று மீண்டும் வென்றார்.

இனி உங்கள் தாயாரின் நோய்க்கு வருகிறேன். கீமோவும் கதிர்வீச்சும் கொடுக்கும் களைப்பு, ஒரு நல்ல தூக்கத்தில் தீர்ந்துவிடும் களைப்பு அல்ல என்பது அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். படுத்தே கிடந்தால் தசை தளர்ந்து, அந்தக் களைப்பு இன்னும் கூடும். பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த 889 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2025இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியாயிற்று. பயிற்சியாளர் ஒருவரின் துணையோடு மூன்றாண்டுகள் நடை போன்ற உடற்பயிற்சிகளைச் செய்தவர்களில், ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் 80.3 சதவீதம், அறிவுரைப் புத்தகம் மட்டும் பெற்றவர்களில் 73.9 சதவீதம். உங்கள் தாயாருக்கு வந்தது வேறு நோய் என்பதால் இந்த எண்களை அவருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் சிகிச்சை முடிந்த உடம்பை நடக்கவிடுவது தீங்கு என்று கடிந்துகொள்பவர்கள் எந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

நம் வீடுகளில் ஓய்வு என்ற பெயரில் என்ன நடக்கிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறேன். உள்ளறையில் ஒரு கட்டில், பக்கத்து ஸ்டூலில் மாத்திரை டப்பாவும் ஃப்ளாஸ்கும் ஓர் எவர்சில்வர் தம்ளரும். அந்தத் தம்ளர் மட்டும் தனியாகக் கழுவித் தனியாகக் கவிழ்க்கப்படும். காய் நறுக்க உட்கார்ந்தால் அரிவாள்மனையை வாங்கிவிடுவார்கள். சீட்டுப் பணம் கட்டியாயிற்றா, சம்பந்தி வீட்டில் என்ன சொன்னார்கள் என்று வீட்டு விஷயம் எதுவும் அவர் காதுக்குப் போகாது. நேற்றுவரை அந்த வீட்டை நடத்தியவரிடம் இன்று ‘சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா’ என்ற இரண்டு கேள்விகளுக்கு மேல் யாரும் பேசுவதில்லை. தனித் தம்ளரைக் கண்டித்து முன்பு இந்தப் பக்கத்தில் எழுதியபோது, ‘சுத்தத்துக்காகச் செய்வதைக் குற்றம் சொல்லாதீர்கள்’ என்று பல கடிதங்கள் வந்தன. அன்று சொன்ன பதிலில் இன்றும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். புற்றுநோய் எச்சிலாலோ தம்ளராலோ தொடுவதாலோ தொற்றுவதில்லை. கீமோ நடக்கும் நாட்களில் சுத்தம் தேவைப்படுவது நம்மிடமிருந்து அவரைக் காப்பாற்றத்தான்; ஏனெனில் அப்போது வெள்ளணுக்கள் குறைந்து, நமக்குச் சாதாரணமான சளி அவருக்கு ஆபத்தாகிவிடும். ஆனால் தம்ளரைப் பிரித்துவைத்தவர்களே இருமிக்கொண்டு அந்த அறைக்குள் போய் வந்ததையும் பார்த்தேன்.

பயணத்துக்கு வருவோம். மருத்துவரிடம் ‘வெளியூர் போகலாமா?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். இரவு ரயில், கோயிலில் வெறுங்கால் நடை, கடலில் குளியல், வெளிச் சாப்பாடு என்று அவர் செய்யப்போவதையெல்லாம் சொல்லிக் கேளுங்கள். இரத்த அணுக்களின் எண்ணிக்கை தேறிவிட்டதா என்பதையும், கீமோ மருந்தை ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் பொருத்திய ‘போர்ட்’ என்ற சிறு கருவி இன்னும் இருந்தால் அதைச் சுத்தம் செய்ய வேண்டிய நாள் பயணத்தின் நடுவே வருகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது அவருடைய பாதங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் பக்லிடாக்ஸெல் போன்ற மருந்துகளால் விரல் நுனிகளும் உள்ளங்கால்களும் மரத்துப்போவது உண்டு. சிகிச்சை முடிந்து பல மாதங்கள் ஆன பின்பும் அது நீடிக்கலாம். செருப்பு காலைவிட்டுக் கழன்றதே தெரியவில்லை என்று உங்கள் தாயார் எப்போதாவது சொல்லியிருந்தால், அதை மறதி என்று தள்ளிவிடாதீர்கள். அப்படிப்பட்ட பாதத்துக்கு நண்பகலில் கருங்கல் தளத்தின் சூடு உறைக்காது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். இராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கடலில் குளித்துவிட்டு, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளியில் இறைத்து ஊற்றும் நீரில் நனைந்தபடி, ஈரப்புடவையோடு ஒவ்வொரு கிணறாக நடக்க வேண்டும். அந்தத் தளம் எந்நேரமும் ஈரமாகவே இருக்கும். கால் மரத்திருந்தால் 22 தீர்த்தங்களும் வேண்டாம். தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு, விடியற்காலையில் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தரிசனம் செய்துவைத்து, பிறகு அந்த நீண்ட பிராகாரத்தில் அவர் இஷ்டப்படி நடக்கவிடுங்கள். கல் ஆறியிருக்கும், கூட்டமும் குறைவாக இருக்கும். கதிர்வீச்சு பட்ட தோலில் வெயில் படாமல் மெல்லிய பருத்தித் துணியால் மூடிக்கொள்ளட்டும்.

அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால், அந்தப் பக்கக் கை நீர் தேங்கி வீங்கக்கூடும்; அந்தக் கையில் கனமான பை தூக்கக் கூடாது. காதுகுத்து வீட்டில் புது வளையல் போட்டுவிடுவார்கள். அது இறுகினால் உடனே கழற்றச் சொல்லுங்கள். கை சிவந்து வீங்கினால் ஊர் திரும்பும்வரை காத்திருக்கக் கூடாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் கசாயம் போட்டுப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கப்படும் டமாக்ஸிஃபென் மாத்திரையை எடுப்பவர்களுக்குக் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். ஆகவே மடித்த காலோடு மணிக்கணக்கில் காரில் உட்கார்வதைவிட, எழுந்து நடக்க இடமும் கழிப்பறையும் உள்ள ரயிலே நல்லது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்ற பிறகு மண்டபத்தில் இறங்கிப் பேருந்து ஏற வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டதால் அந்த அலைச்சல் இப்போது இல்லை.

ரயில் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புற்றுநோயாளிக்கு ரயில் கட்டணச் சலுகை உண்டு. தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழு விலக்கும், துணைக்கு வருபவருக்கு 75 சதவீதமும் கிடைக்கும். சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போகும் பயணத்துக்கு மட்டுமே இது பொருந்தும். பேரனின் காதுகுத்துக்குப் பொருந்தாது. குணமடைந்து வருபவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது தாம் விரும்பிய ஊருக்குப் போய்வர இந்தச் சலுகையை நீட்டிக்க வேண்டும் என்று பல காலமாக எழுதிவருகிறேன், இன்னும் எழுதுவேன். வேலூரில் சிகிச்சை பெறுவதற்காக வங்காளத்திலிருந்து 1,700 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வாடகை அறையில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு பரிசோதனைக்கும் அடுத்த பரிசோதனைக்கும் இடையில் கிடைக்கும் நாளில், மருத்துவமனைக் கோப்பைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வேலூர்க் கோட்டையையும் ஸ்ரீபுரம் பொற்கோயிலையும் சுற்றிப் பார்ப்பார்கள். நோயாளி நடுவில் நிற்க, எல்லோருமாகக் கோட்டை அகழி தெரியும்படி படம் எடுத்துக்கொள்வார்கள். அவர்களைப் பார்த்து ‘ஊர் சுற்றுகிறார்கள்’ என்று சொல்ல யாருக்காவது மனம் வருமா?

‘அனுப்பலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பிவைப்பதற்கு அவர் பள்ளிக்குழந்தை இல்லை. கீமோவைத் தாங்கிய உடம்பு அவருடையது. அதை எங்கே கொண்டுபோவது என்பதும் அவர் முடிவு. உங்களுக்குள் இருக்கும் அச்சத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். நோய் திரும்பவே திரும்பாது என்று எந்த மருத்துவராலும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் உள்ளறையில் படுத்துக் கிடப்பதால் நோய் திரும்பும் வாய்ப்பு குறையப்போவதில்லை. அடுத்த பரிசோதனைத் தேதி தவறாதபடி பயண நாளை வைத்துக்கொண்டால் போதும். காதுகுத்தில் அவரை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, ‘பாவம், உடம்பு சரியில்லை’ என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம். பேரன் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அழும்போது சமாதானப்படுத்தும் வேலையைப் பாட்டியிடமே விடுங்கள். முடி இப்போதுதான் வளர்ந்துவருகிறது என்றால், முந்தானையால் மூடிக்கொள்வதா வேண்டாமா என்பதையும் அவரே தீர்மானிக்கட்டும்.

நீங்களும் கூடப் போக வேண்டும். தங்கை காதுகுத்து வேலையில் இருப்பார். ஈரத்தளத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேறு யாரும் இருக்க மாட்டார்கள். சிகிச்சைச் சுருக்க அறிக்கையின் நகல் ஒன்று உங்கள் பையிலும் இன்னொன்று அவர் பையிலும் இருக்கட்டும், மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும். 45 வயது கடந்த பெண்களுக்கு ரயிலில் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. அதைக் கேட்டு இந்த வாரமே முன்பதிவு செய்துவிடுங்கள்.