தோல் கைவினை: பெட்டியைப் பார்க்கும் முன் தோலைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை. பணப்பை, இடைவார் முதலியவற்றைக் கையால் தைக்கக் கற்றுக்கொள்ளும் ஆசையில், தென்னாப்பிரிக்க இணையக் கடை ஒன்றில் 48 உருப்படிகள் கொண்ட கருவிப் பெட்டியை 1,150 ரேண்டுக்கு வாங்கினேன். ‘கைவேலைக்கு ஏற்ற அசல் தோல்’ என்று ஒரு கட்டுத் துண்டுகளும் அதில் இருந்தன. துளை போடும் உளியின் இரண்டு பற்கள் இரண்டாம் நாளே வளைந்துவிட்டன. தோலின் விளிம்பை எவ்வளவு தேய்த்தாலும் வழவழப்பு வரவில்லை. பூ அச்சைப் பதித்தால் நிற்கவில்லை. பெட்டி வந்து ஐந்து நாள்தான் ஆகிறது. பிரித்துப் பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற முடியாது என்கிறார் விற்பனையாளர். குறை என் கையிலா, பொருளிலா?

பதில்: அம்மா, குறை உங்கள் கையில் இல்லை. நாள் கணக்கு முக்கியம் என்பதால், உங்கள் மடல் வந்த அன்றே சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன். அதன் விரிவை மற்றவர்களுக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

உளியை முதலில் எடுத்துக்கொள்வோம். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, வாங்கிய பொருள் தரமற்றதாகவோ, அது எதற்காக உள்ளதோ அந்த வேலைக்கு உதவாததாகவோ இருந்தால், பெற்றுக்கொண்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தரலாம். பழுது பார்த்துத் தருவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் தருவதா என்பதை முடிவு செய்யும் உரிமை வாங்கியவருக்கே உண்டு. திருப்பி அனுப்பும் செலவு விற்றவருடையது. துளை போடும் உளி துளை போடும்போதே வளைந்தது என்றால், பயன்படுத்திப் பார்த்ததால்தான் அதன் குறை தெரிந்தது. ஆகவே ‘பயன்படுத்திவிட்டீர்கள்’ என்ற பதில் இங்கே எடுபடாது. இதைத் தவிர, 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, இணையத்தில் வாங்கிய பொருளைக் கைக்கு வந்த ஏழு நாளுக்குள், காரணம் எதுவும் சொல்லாமலேயே வேண்டாம் என்று சொல்லும் உரிமையைத் தருகிறது. அப்போது திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. உங்களிடம் சொல்வதற்குத் தெளிவான காரணம் இருப்பதால் முதல் வழியே உங்களுக்கு இலாபம். வளைந்த பற்களைப் படம் எடுத்து, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்பதையும் குறிப்பிட்டு மின்னஞ்சலாக அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியதை எழுத்தாக்கி வைக்காமல் விடாதீர்கள். அதற்கும் மசியவில்லை என்றால், நுகர்வோர் பொருள் மற்றும் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விற்பனையாளரிடம் நீங்கள் முதலில் கேட்டதற்கான சான்று அங்கே தேவைப்படும்.

இனி தோல். உங்களிடம் வந்த துண்டு ஒன்றைக் கூரிய கத்தியால் வெட்டி, வெட்டு முகத்தைச் சன்னல் ஓரத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் சாம்பல் கலந்த நீல நிறம் தெரிந்தால், அது பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிட்ட தோல். வெளிர் பழுப்பாக, ரொட்டியின் உட்புறம் போல ஒரே நிறமாக இருந்தால், அது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டதாக இருக்கலாம். பிறகு மேற்பரப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சாயமோ மேற்பூச்சோ ஏறாத பட்டைத் தோல் அந்தச் சொட்டை மெல்லக் குடித்துக் கருக்கும். அந்த ஈரத்தில் நகத்தால் கீறினால் கோடு அப்படியே நிற்கும். குரோமியத் தோலில் அந்தக் கோடு சிறிது நேரத்தில் மறைந்துவிடும். அச்சு நிற்காததற்கும் விளிம்பு வழவழப்பாகாததற்கும் காரணம் இதுதான். குரோமியத் தோல் மட்டமானது என்று இதற்குப் பொருள் இல்லை. மென்மையான கைப்பைக்கும் காலணியின் மேற்பகுதிக்கும் அதுவே பொருத்தம். ஆனால் அச்சு வேலைக்கும் விளிம்பு மெருகுக்கும் பட்டைத் தோல்தான் வேண்டும் என்பதால், அந்தத் துண்டுகளைக் ‘கைவேலைக்கு ஏற்றது’ என்று பொதுவாகச் சொல்லி விற்றதையும் உங்கள் மின்னஞ்சலில் குறையாக எழுதலாம்.

பட்டைத் தோல் என்றதும் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டார்கள். இங்கே நேட்டாலில், நம் முன்னோர் 1860இல் ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய நான்கு ஆண்டுகளில், ஜான் வாண்டர்பிளாங்க் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து கருவேல இனத்தைச் சேர்ந்த வாட்டில் மரத்தின் விதையைக் கொண்டுவந்தார். அந்த மரத்தின் பட்டை பின்னாளில் கடல் கடந்து சென்னை மாகாணத்துத் தோல் ஆலைகளுக்கும் போய், ஆவாரம் பட்டையின் இடத்தைப் பிடித்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் மலைச்சரிவுகளில் இன்றும் நீங்கள் காணும் வாட்டில் தோப்புகளுக்குப் பின்னால் இந்த வரலாறு உண்டு. ஆகவே கடையில் ‘மிமோசாச் சாற்றில் பதனிட்டது’ என்றால் ஏதோ புதிய பொருள் என்று மலைக்க வேண்டாம். அது இந்த வாட்டில் பட்டைச் சாறுதான்.

அந்தப் பணம் திரும்பக் கைக்கு வந்தபின், மீண்டும் ஒரு பெட்டியை வாங்காதீர்கள். நாற்பத்தெட்டு உருப்படிகளில் நீங்கள் முதல் ஆண்டில் தொடப்போவது எட்டைத் தாண்டாது. கூரிய கத்தி ஒன்று, இரும்பு அளவுகோல், வெட்டும் விரிப்பு, நான்கு பற்களும் இரண்டு பற்களும் உள்ள இரு உளிகள், ஒரு குத்தூசி, முனை மழுங்கிய இரண்டு ஊசிகள், மெழுகு நூல் இருந்தால் போதும். உளியின் தலை சிதையாமல் இருக்க, அடிப்பதற்கு இரும்புச் சுத்தியலைத் தவிர்த்து மரத்தாலான கொட்டாப்புளியைப் பயன்படுத்துங்கள். அடியில் வைக்கச் சமையலறை மேடை செய்பவர்களிடம் கிரானைட் கழிவுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன்மேல் ஒரு நெகிழிப் பலகையைப் போட்டுக்கொள்ளுங்கள். இவற்றில் உளிக்கு மட்டும் தாராளமாகச் செலவு செய்யுங்கள். மற்றவை நடுத்தர விலையில் இருந்தாலும் குறை சொல்ல முடியாது.

மிஞ்சும் பணம் தோலுக்குப் போகட்டும். தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படும். ஒரு சதுர அடி சுமார் 929 சதுர சென்டிமீட்டர். கனத்தைச் சில கடைகள் அவுன்ஸில் சொல்லும். ஓர் அவுன்ஸ் என்றால் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். அட்டை வைக்கும் சிறு பணப்பைக்கு 1 முதல் 1.2 மில்லிமீட்டரும், இடைவாருக்கு 3.5 மில்லிமீட்டர் அளவும் ஏற்றவை. கனத்தைக் கேட்பவர்கள்கூட விலங்கின் எந்தப் பகுதி என்று கேட்பதில்லை. நானும் முதல் ஆண்டில் கேட்கவில்லை. விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கிய தோலில் என் தம்பிக்கு ஓர் இடைவார் செய்து கொடுத்தேன். இரண்டு மாதத்தில் அது இரண்டு துளை அளவுக்கு நீண்டு, ஓரம் அலை அலையாக நெளிந்துவிட்டது. அது வயிற்றுப் பகுதித் தோல் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை. வயிற்றுத் தோலின் நார்கள் தளர்ந்தவை, இழுத்தால் நீளும். முதுகுப் பகுதியும் தோள் பகுதியும்தான் இழுவிசையைத் தாங்கும். எப்படிப் பதனிட்டது, எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பகுதி ஆகிய மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராத கடையில் நான் இப்போது வாங்குவதில்லை.

கேள்வி: ஃபீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன், அண்ணா. ஆறு மாதமாக மாலை நேரங்களில் தோல் தைக்கிறேன். முன்பக்கத் தையல் ஓரளவு நேராக வருகிறது. பின்பக்கம் பார்க்கவே முடியவில்லை. விலை உயர்ந்த உளி வாங்கினால் சரியாகுமா? அல்லது வாரக் கடைசிப் பயிற்சி வகுப்பில் சேரலாமா?

பதில்: தம்பி, இரண்டுக்கும் முன்னால் ஒரு மாதம் காசு செலவழிக்காமல் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. பின்பக்கம் கோணுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். ஒன்று, உளியைச் செங்குத்தாகப் பிடிக்காமல் அடிப்பது. தோலுக்கு நேர் எதிரே, தலை உளிக்கு மேலே வரும்படி உட்கார்ந்து அடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் உட்கார்ந்தால் உளி சாய்வது கண்ணுக்குத் தெரியாது. மற்றொன்று, துளைக்குத் துளை ஊசி போகும் வரிசை மாறுவது. இரட்டை ஊசித் தையலில் ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி இருக்கும். ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிர் எதிராகப் புகும். இடக்கை ஊசி முதலில் என்றால் கடைசித் துளை வரை இடக்கை ஊசியே முதலில். இரண்டாவது ஊசி முதல் நூலுக்கு மேலே புகுந்தால் எல்லாத் துளையிலும் மேலேதான். இழுக்கும் விசையும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இந்த ஒழுங்கு தவறிய இடத்தில்தான் ஒரு தையல் சாய்வாகவும் அடுத்தது படுத்தும் விழுகிறது. நூலின் நீளம் தைக்கும் நீளத்தைப் போல நான்கு மடங்கு இருக்கட்டும். நடுவில் நூல் தீர்ந்து முடிச்சுப் போடுவதைப் போல வேலையைக் கெடுப்பது வேறில்லை.

பயிற்சிக்குப் பணப்பை தைக்காதீர்கள். பதினைந்து சென்டிமீட்டர் நீளத் துண்டுகள் இரண்டை ஒட்டி, ஒரு நாளைக்கு ஒரு வரிசை தையுங்கள். பின்புறத்தில் தேதியை எழுதி வரிசையாக ஆணியில் மாட்டி வையுங்கள். முப்பதாவது துண்டை முதல் துண்டோடு வைத்துப் பார்க்கும்போது உங்களுக்கு உளி தேவையா, வகுப்பு தேவையா என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் வெட்டத் தொடங்கும் முன் கத்தியைத் தீட்டுங்கள். நாவிதர் சவரக் கத்தியை வாரில் தீட்டுவதைப் போல, பலகையில் ஒட்டிய தோல் துண்டின்மேல் பச்சை மெருகுக் கட்டியைத் தேய்த்து, பத்துப் பதினைந்து முறை இழுத்தால் போதும்.

ஈரத் தோலின்மேல் இரும்புக் கருவியை மறந்தும் வைத்துவிடாதீர்கள். கடுக்காய்ச் சாற்றில் இரும்பு பட்டால் மை போலக் கறுக்கும் அல்லவா? பட்டைத் தோலிலும் அதே துவர்ப்புச் சத்துத்தான் உள்ளது. அளவுகோலின் வடிவிலேயே நீலக்கறுப்புக் கறை விழும். டர்பன் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் பூசணமும் எளிதில் பிடிக்கும் என்பதால், தோலை நெகிழிப் பையில் கட்டி வைக்காமல், மேற்புறம் வெளியே இருக்கும்படி சுருட்டிப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

வகுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் காலணித் தொழிற்சாலைகளில் உழைத்த நம்மவர்கள் ஏராளம். தோல் வெட்டும் ‘கிளிக்கிங்’ பிரிவிலோ, மேற்பகுதி தைக்கும் ‘குளோசிங்’ பிரிவிலோ முப்பது ஆண்டு வேலை பார்த்த தாத்தா ஒருவர் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். கையை ஓட்டியே தோலின் இழுவைத் திசையைச் சொல்லிவிடும் அந்தத் தேர்ச்சி எந்த இரண்டு நாள் வகுப்பிலும் கிடைக்காது. கோயிலில் நான்கு பேரிடம் விசாரியுங்கள்; கண்டுபிடித்தால், கற்றுக்கொள்ளும் நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தோல் கைவினை வகுப்புக்கு முன்பணம் கட்டியிருந்தேன். என் தாயார் மருத்துவமனையில் இருப்பதால் போக முடியவில்லை. முன்பணம் முழுவதும் போனது போனதுதான் என்கிறார்கள். சரியா?

பதில்: முழுவதையும் வைத்துக்கொள்வது சரியல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, முன்பதிவை நீங்கள் இரத்துச் செய்யலாம். அவர்கள் நியாயமான இரத்துக் கட்டணம் மட்டுமே பிடித்துக்கொள்ளலாம். எத்தனை நாள் முன்னதாகச் சொன்னீர்கள், அந்த இடத்துக்கு வேறொருவர் கிடைக்க வாய்ப்பு இருந்ததா என்பவை அதில் கணக்கில் வரும். பதிவு யாருக்காகச் செய்யப்பட்டதோ அவரே இறந்தாலோ மருத்துவமனையில் சேர்ந்தாலோ கட்டணமே கூடாது. உங்கள் நிலையில் படுத்திருப்பவர் தாயார் என்பதால் இந்த முழு விலக்கைக் கோர முடியாது. ஆயினும் மருத்துவமனைச் சான்றை இணைத்து, தேதியை மாற்றித் தரும்படி கேளுங்கள். தாயார் விரைவில் நலம் பெறட்டும்.

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க், நார்த்டேல். எங்கள் வீட்டில் மாட்டுத் தோல் கூடாது என்பதில் அம்மா உறுதியாக இருக்கிறார். எனக்கோ தோல் வேலையில் மிகுந்த ஆர்வம். கடைகளில் ‘அசல் தோல்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். எதை நம்பி வாங்குவது?

பதில்: ‘அசல் தோல்’ என்ற சொல்லை நம்பி வாங்க வேண்டாம். அது எந்த விலங்கு என்பதையும் சொல்லாது, எந்த அடுக்கு என்பதையும் சொல்லாது. மேல் அடுக்கை உரித்தெடுத்தபின் மிஞ்சும் கீழ் அடுக்கில் நெகிழிப் பூச்சு ஏற்றி விற்பதும் அந்தப் பெயரில்தான். தோல் தூளைப் பசையில் குழைத்துத் தகடாக்கிய பொருளும் தோலின் பெயரைச் சேர்த்துக்கொண்டே கடைக்கு வருகிறது. அது சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும்.

அம்மாவின் மனத்துக்கு ஒத்த வழிகள் இந்நாட்டில் தாராளமாகவே உள்ளன. ஆட்டுத் தோல் மெல்லியது, உறுதியானது. பணப்பைக்கும் புத்தக உறைக்கும் அதைவிட நல்லது தொடக்கத்தில் கிடைக்காது. குடு மானின் தோல் மென்மையானது. முள் கீறிய தழும்புகள் அதில் அப்படியே தெரியும், அவற்றைக் குறையாக எண்ணி விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். ஔட்ஸ்ஹூர்ன் பகுதியின் தீக்கோழித் தோலில் இறகின் வேர் இருந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாகப் புடைத்திருக்கும். அந்தப் புள்ளிகள் நிறைந்த முதுகுப் பகுதி மிகவும் விலை கூடியது, பழகும் கைக்கு வேண்டாம். செதில் போன்ற வரிகள் கொண்ட கால் தோல் சிறியதாகவும் மலிவாகவும் கிடைக்கும், சாவிக்கொத்து வார் செய்ய அது போதும்.

எது வாங்கினாலும் விலங்கின் பெயரை இரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பொருளின் தன்மையைப் பற்றிப் பொய்யான தகவல் தருவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவு தடுக்கிறது. எழுத்தில் இருந்தால் அது உங்கள் கையில் சான்றாக இருக்கும். அட்டையில் தெளிவில்லாத நூல் மெழுகும் மெருகு எண்ணெயும்கூட விலங்கிலிருந்து வரலாம். ‘நீட்ஸ்ஃபுட்’ எண்ணெய் என்பது மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது. தேன்மெழுகைத் தேங்காய் எண்ணெயில் உருக்கிச் சேர்த்த கலவையைச் சிறிதளவு பயன்படுத்திப் பாருங்கள். முதல் ஆட்டுத் தோலைத் தேர்ந்தெடுக்கப் போகும்போது அம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இரசீதில் எழுதியிருப்பதை அவரே படித்துப் பார்க்கட்டும்.