இலையைத் திருப்பிப் பாருங்கள்: மாடித்தோட்டப் பூச்சிகள், கேள்வி பதில்

14 வருடமாக மாடியில் காய்கறி வளர்க்கிறேன். பூச்சி பற்றி இந்த வாரம் வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படுபவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, அவரைக் கொடியின் நுனியெல்லாம் கறுப்பாக அசுவினி அப்பிக் கிடக்கிறது. வேப்பெண்ணெய் அடித்தும் நாலே நாளில் திரும்ப வந்துவிட்டது.

அசுவினி, அதாவது துளிரில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் அந்தக் குட்டிப் பூச்சி, பெருகும் வேகம் அப்படி. ஆண் பூச்சி தேவையில்லை, முட்டையும் தேவையில்லை. பெண் பூச்சி நேராகக் குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தாயாகிவிடும். அதனால் ஒரு தடவை அடித்துவிட்டு நிறுத்தினால் பத்தாது.

மருந்துக்கு முன்னால் தண்ணீர். காலையில் ஒரு கையால் கொடி நுனியைத் தாங்கிக்கொண்டு, குழாய் வாயை விரலால் அழுத்தி இலையின் அடிப்புறத்தில் பீய்ச்சுங்கள். கீழே விழுந்த அசுவினியில் பெரும்பாலானவை மறுபடி ஏறி வராது. மூன்று நாள் விடாமல் செய்தாலே பாதிக்கு மேல் போய்விடும்.

மிச்சத்துக்குத்தான் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி. நிறைய பேர் எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றிவிடுகிறார்கள். அது மேலே மிதக்கும். தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீர் வரும், கடைசியில் எண்ணெயாக வந்து இலையைக் கருக்கும். கொஞ்சம் காதி சோப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, எண்ணெயை அதில் விட்டு, பால் போல வெளுக்கும்வரை குலுக்குங்கள். அப்புறம் மீதித் தண்ணீரைச் சேருங்கள். சாயங்காலம் 5 மணிக்கு மேல் அடியுங்கள், வெயிலில் வேம்பின் வீரியம் சீக்கிரம் போய்விடும். ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று முறை.

இன்னொன்று, கடலைப் புண்ணாக்குக் கரைசல் அதிகம் ஊற்றினீர்களா? தழைச்சத்து மிஞ்சினால் துளிர் கொழகொழவென்று வரும். அசுவினிக்கு அதுதான் விருந்து.

கேள்வி: அதே செடியில் குட்டி முதலை மாதிரி கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு புழு ஊர்ந்தது. நசுக்கிவிட்டேன். சரிதானே?

இல்லை தம்பி, அது பொறிவண்டின் குஞ்சு. முதுகில் புள்ளி வைத்த சிவப்பு வண்டை எல்லோருக்கும் தெரியும், அதன் குழந்தைப் பருவம் இப்படி இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. நானும் முதல் வருடம் இதைத் தேடித் தேடிக் கொன்றேன். இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. வளர்ந்து வண்டாவதற்குள் ஒரு குஞ்சு நூற்றுக்கணக்கில் அசுவினியைத் தின்னும். ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள்: அசுவினியைக் கவ்வித் தின்றுவிட்டு அடுத்ததற்கு நகரும்.

இலையில் மெல்லிய நூல் நட்டு, அதன் நுனியில் வெள்ளைப் புள்ளி வைத்ததுபோல் ஏதாவது தெரிந்தால் அதையும் துடைக்காதீர்கள். அது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை, அதன் புழுவும் அசுவினி தின்னிதான். இவர்கள் வந்துவிட்டால் எந்தக் கரைசலும் வேண்டாம், பத்து நாள் பொறுங்கள். இயற்கைக் கரைசல்தானே என்று அடித்தாலும் இந்தக் குஞ்சுகளுக்கும் பாதிப்புதான்.

கேள்வி: செடி முழுக்க எறும்பு. அதற்கும் பூச்சிக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. அசுவினியும் மாவுப்பூச்சியும் இனிப்பாக ஒரு கழிவை வெளியிடும். அதற்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். அந்த இனிப்பு வடிந்த இலையில்தான் கரி பூசினாற்போல் பூஞ்சாணம் படரும். அந்தக் காலத்தில் சாப்பாட்டு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைப்பார்களே, அதையே தொட்டி ஸ்டாண்டுக்குச் செய்யுங்கள். கொசு முட்டையிடாமல் இருக்கத் தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் விடுங்கள்.

கேள்வி: செம்பருத்தியிலும் பப்பாளியிலும் மாவுப்பூச்சி. எதற்கும் அடங்கவில்லை அக்கா.

உடம்பின் மேல் மெழுகு போர்த்தியிருப்பதால் மருந்து உள்ளே இறங்காது. மோசமான கிளையை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மற்றதைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். மெழுகு உடைந்தபின் வேப்பெண்ணெய் வேலை செய்யும்.

பப்பாளி மாவுப்பூச்சிக்கு ஒரு கதை உண்டு. 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தோட்டம் தோட்டமாக அழித்தது. மருந்துக்கு அடங்கவில்லை. 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள். கடுகைவிடச் சிறிய குளவி, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். சில மாதங்களிலேயே தாக்குதல் பெருமளவு அடங்கிவிட்டது. கண்டதையும் அடிக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இதிலும் ஒரு எச்சரிக்கை. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் அதைப்போலவே வெள்ளை நூல்கள் தொங்க, ஆனால் பெரியதாக, வேகமாக ஓடும் ஒன்று இருந்தால் தொடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டின் குஞ்சு.

கேள்வி: மிளகாய் இலை சுருளுகிறது.

எந்தப் பக்கம் சுருளுகிறது? படகுபோல மேல்நோக்கி மடிந்தால் இலைப்பேன். நீல ஒட்டும் அட்டை தொங்கவிட்டு வேப்பெண்ணெய் அடியுங்கள். கவிழ்த்த படகுபோலக் கீழ்நோக்கி மடிந்து காம்பு நீண்டால் சிலந்திப்பேன். அதற்கு நனையும் கந்தகத்தூள் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் வகை), லிட்டருக்கு 2 கிராம். எண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்காதீர்கள், இலை கருகும்.

கேள்வி: வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். மருந்து கிடையாது, இன்றே பிடுங்கிவிடுங்கள். மற்ற செடிகளுக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை வையுங்கள்.

கேள்வி: புகையிலைக் கரைசல் நல்லது என்கிறார்களே?

வேண்டாம். செடியிலிருந்து வந்தாலும் நிகோட்டின் கடுமையான விஷம், தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். பிள்ளைகள் பறித்துத் தின்னும் தோட்டம் அது.

கேள்வி: கத்தரிச் செடியில் நுனி மட்டும் வாடித் தொங்குகிறது. தண்ணீர் போதவில்லையா?

தண்டுக்குள் புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே வெட்டி, தண்டைப் பிளந்து பாருங்கள், வெளிர் ரோஸ் நிறத்தில் நெளியும். வெட்டியதை உரக்குழியில் போட்டால் அங்கேயே வளர்ந்து அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுங்கள். வாரம் இரண்டு முறை இப்படிப் பார்த்து வெட்டினால் காய்க்குள் புழு இறங்குவது குறையும். வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து புதுக் கிளை வரும்.